பெரம்பலூருக்குக் கொண்டுபோன கோலம்

பக்கத்து வீட்டில் மாடி எடுக்கிறார்கள். காலையிலிருந்து கலவை மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் நின்றது. பூசிய சுவருக்குத் தண்ணீர் அடிக்கிறார்கள் போலிருக்கிறது, ஈர சிமெண்ட் வாசனை ஜன்னல் வழியாக அடுப்படி வரைக்கும் வந்துவிட்டது. ஜன்னலைச் சாத்தினேன். சாத்தினால் திருச்சி வெயிலுக்குப் புழுங்கித் தள்ளுகிறது. திறந்தேன். மறுபடி சாத்தினேன். "என்னம்மா, ஜன்னலோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்க?" என்று கேட்டுவிட்டு என் மகன் காலேஜுக்குக் கிளம்பிப் போனான். அவனுக்கு என்ன தெரியும்? ஊர் உலகத்துக்கெல்லாம் அது புது வீட்டு வாசனை. எனக்கு அது உன் முந்தானை வாசனையடி. குழம்பைப் பாதியில் இறக்கி வைத்துவிட்டு, பேப்பரும் பேனாவுமாக வந்து உட்கார்ந்துவிட்டேன்.

நீ இருந்தவரைக்கும் உனக்கு நான் ஒரு கடுதாசிகூட எழுதியதில்லை. திருச்சிக்கு வந்த பிறகும் நேரில் வந்துதான் பேசினேன். அடுத்தடுத்த வீட்டுக்காரிகளுக்கு எதற்குக் கடுதாசி? ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கொல்லைப்புறத்து மதில் மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு கத்துவேன், நீ அங்கிருந்து கத்துவாய். நான் அங்கே இருந்த கடைசிக் காலத்தில் நீ கத்த முடியாமல் கரண்டியால் அண்டாவைத் தட்டுவாய். அதற்கும் நான் ஓடி வருவேன். இப்போது எதைத் தட்டினால் நீ வருவாய்?

சரி, அழுவதற்காக உட்காரவில்லை. போன வாரம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் உன் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அதிலிருந்து ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன். ஆனால் அதை மட்டும் எடுத்த எடுப்பில் சொல்ல வரவில்லை எனக்கு. முதலிலிருந்து வருகிறேன், நீ கேட்டுக்கொண்டே வா. குறுக்கே பேச உன்னால் முடியாது என்பது ஒன்றுதான் எனக்கு வசதி.

நீயும் நானும் அரியலூருக்குப் பக்கத்தில் அந்தக் கம்பெனி ஊர்த் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். நீ திருமானூர்க்காரி, வாய்க்கால் தண்ணீரில் காலை நனைத்தே வளர்ந்தவள். நான் ஜெயங்கொண்டத்துக்காரி, செம்மண்ணும் முந்திரிக் கொல்லையும் பார்த்தவள். என் வீட்டுக்காரருக்கு அரியலூர் ஸ்டேஷனில் ரயில்வே வேலை. உன் வீட்டுக்காரருக்குக் கம்பெனியில் சிமெண்ட் மூட்டை ஏற்றுகிற வேலை. சுண்ணாம்புக்கல் வெட்டுவதற்காக உங்கள் கொல்லைக்காட்டைக் கம்பெனிக்குக் கொடுத்து, அதற்குப் பதிலாகக் கிடைத்த வேலை அது. நிரந்தர வேலை என்று சொல்லி நிலத்தை வாங்கினார்கள், காண்ட்ராக்டில் சேர்த்துக்கொண்டார்கள். "எப்பண்ணே பர்மனெண்ட் ஆவும்?" என்று நான் கேட்கும்போதெல்லாம், "ஆவும்மா, ஆவும்" என்பார் அண்ணன். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நல்ல மனுஷன், ஆனால் வாயில்லாத மனுஷன். அது எனக்கு ஆரம்பத்திலிருந்தே ஆகாது.

நாம் குடித்தனம் செய்த லட்சணம் உனக்கு மறந்திருக்காது. தண்ணீர்க் குடத்துக்கு வேடு கட்ட வேண்டும். கட்டின துணியை மறுநாள் உதறினால் மூக்கில் ஏறும். கறிவேப்பிலையைக் கழுவினால் தண்ணீர் வெள்ளையாக இறங்கும். துவைத்த வேட்டியைக் கொடியில் போட்டுவிட்டு ஒரு வாய் சோறு தின்று வருவதற்குள் அது விறைத்துக்கொண்டு நிற்கும். மத்தியானம் சங்கு ஊதினால் சுரங்கத்தில் வெடி வைக்கப் போகிறார்கள் என்று அர்த்தம், அலமாரியில் இருக்கிற தம்ளர்களைக் கீழே எடுத்து வைக்க வேண்டும். தெருவில் ஒரு கல்யாணத்துக்கு வந்த என் தங்கச்சி, "ஏன்க்கா, ஒங்க ஊர்ல மரமெல்லாம் நரைச்சுப் போயிருக்கு?" என்று கேட்டாளே, நீ எப்படிச் சிரித்தாய். சிரித்துச் சிரித்து இருமினாய். அப்போதெல்லாம் அது வெறும் இருமல்தான்.

தொண்ணூற்றைந்து வாக்கில்தான் உனக்கு இளைப்பு ஆரம்பித்தது. முதலில் பனிக்காலத்தில் மட்டும். பிறகு காலம் நேரம் இல்லாமல். அரியலூர் டாக்டர் உன் முதுகில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, "தூசி ஆகாதும்மா ஒங்களுக்கு. தூசி இல்லாத எடமாப் பாத்து இருங்க" என்றார். வெளியே வந்ததும் என்னிடம் நீ கேட்டாய்: "ஏன்டி, அந்த எடம் மெடிக்கல்ல கிடைக்குமா? காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணா?" சிரிக்கவா, திட்டவா? இரண்டும் செய்தேன்.

இடம் இல்லாமல் இல்லை. உன் அம்மா வீடு இருந்தது. பங்குனியில் திருமழபாடிக்கு நந்தி கல்யாணம் பார்க்கப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? அதற்குச் சில நாள் முன்னாலேயே நீ திருமானூர் போய்விட்டாய், நான் பின்னால் வந்து சேர்ந்தேன். சாமி பார்த்துவிட்டு ஆற்றில் இறங்கினோம். கொள்ளிடத்தில் தண்ணீர் எங்கோ எட்டத்தில் ஓடியது. அந்தச் சுடுமணலில் நீ தண்ணீர் வரைக்கும் விறுவிறுவென்று நடந்து போனாய், முகத்தைக் கழுவிக்கொண்டு விறுவிறுவென்று திரும்பி வந்தாய். எங்கேயும் நிற்கவில்லை. எனக்குத்தான் மூச்சு வாங்கியது. "அடியே, ஒனக்கு ஒண்ணுமே இல்லடி. அந்த ஊருதான்டி ஒனக்கு நோவு" என்றேன். நீ ஆற்றைப் பார்த்துக்கொண்டே, "தெரியும்" என்றாய்.

தெரிந்தும் ஏன் அங்கேயே இருக்கவில்லை? உன் மாமியார்தான் காரணம். "அம்மா வூட்டுக்குப் போனா துள்ளிக்கிட்டு ஓடுறா. இங்க வந்து வெளக்கமாத்தத் தொட்டாத்தான் மூச்சு வாங்குதாம்" என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொன்னார்களே. உனக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. அதற்குப் பிறகு நல்ல நாள் பொல்லாத நாளுக்குக்கூட திருமானூரில் ஓர் இரவு தங்க மாட்டேன் என்றாய். மகளை மட்டும் உன் அண்ணன் வீட்டில் விட்டுப் படிக்க வைத்தாய். அவளாவது நல்ல காற்றைக் குடிக்கட்டும் என்று. உனக்கு நீயே அந்த வாசலை அடைத்துக்கொண்டாய். நாம் சண்டை போட்ட விஷயங்களிலேயே பெரிய சண்டை அது. "அந்தம்மா சொன்னா சொல்லிட்டுப் போவட்டும், ஒனக்கு உசுரு பெருசா, ரோசம் பெருசா?" என்றேன். "ரெண்டுந்தான்" என்றாய். உன்னை அப்படியே அறையலாம் போல இருந்தது.

அந்தச் சண்டைக்கு அடுத்த மார்கழியில்தான் நீ அந்தக் கூத்தை ஆரம்பித்தாய்.

கோலமாவு விற்கிற ஆள் சைக்கிளில் வருவான், கூவிக் கூவிக் கூப்பிடுவான். நீ அவனிடம் வாங்கவில்லை. குளிக்கிற மறைப்புக்கு மேலே போட்டிருந்த தகரத்தில் படிந்திருந்த தூசியைத் துடைப்பத்தால் கூட்டி முறத்தில் வாங்கினாய். ரோட்டோரம் மூட்டை கிழிந்து லாரி சிந்திவிட்டுப் போனதையும் அள்ளி வந்து அதோடு சேர்த்தாய். மாவு சல்லடையில் சலித்தாய். "கம்பெனிக்காரன் வூடு தேடி வந்து ஓசியில மாவு போட்டுட்டுப் போறான், நம்ம ஏன்டி காசு குடுக்கணும்?" என்றாய். எனக்கும் அது சமர்த்தாகத்தான் பட்டது. சாணி தெளித்த ஈர வாசலில் நீ இழுத்த கோலக் கம்பி பளிச்சென்று நின்றது. தெருவே வந்து பார்த்தது. பொங்கலுக்குள் எல்லா வாசலிலும் கம்பெனி மாவுதான்.

மார்கழிப் பனியில் அது இறுகியதை முதலில் கண்டுபிடித்தது நான். காலையில் கூட்டினால் துடைப்பம் வழுக்கிக்கொண்டு போகிறது, கோலம் அசையவில்லை. சைக்கிள் ஏறினாலும் அசையவில்லை. நமக்கு ஒரே கொண்டாட்டம். அதன் மேலேயே சாணியைத் தெளித்து, அதன் மேலேயே மறுபடி இழுத்தோம். மாதம் முடிவதற்குள் உன் வாசலில் விரல் கனத்துக்கு ஏறிவிட்டது. நடுவில் நீ போட்ட தாமரைப் பூ, தொட்டால் தடவலாம், அப்படித் தடித்து நின்றது. "இனிமே வருசம் பூரா எந்திரிச்சுக் குனிய வேண்டாம்டி" என்றாய். குனிந்தால் உனக்கு மூச்சு முட்டும், அதனால் அதில் உனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

தை பாதியில் உன் மாமியார் போய்ச் சேர்ந்தார்கள். வயதானவர்கள், விடிகாலையில் எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. அழுகைச் சத்தம் கேட்டு நான் ஓடி வந்தேன். அதற்குள் தெரு கூடிவிட்டது. திருமானூருக்கும் மற்ற ஊர்களுக்கும் ஆள் அனுப்பினார்கள். எல்லாம் எப்போதும் நடக்கிறபடிதான். ஆனால் உள்ளே நுழைந்த பங்காளிப் பெரியவர் ஒருவர் வாசலில் நின்றுவிட்டார். "என்னடா இது? சாவு வூட்டு வாசல்ல கோலம் சிரிச்சுக்கிட்டு இருக்கு? எவடா போட்டது?" என்று ஒரு சத்தம். அப்போதுதான் எல்லாருக்கும் உறைத்தது. ஓடிப் போய் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினேன். கழுவிவிட்ட கோலம் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தது. சாணியைக் கரைத்து ஊற்றினோம், வைக்கோலைப் போட்டு மூடினோம். வருகிறவர்கள் காலில் பட்டு வைக்கோல் விலகிக்கொண்டே இருந்தது. தாமரை எட்டி எட்டிப் பார்த்தது.

கடைசியில் அண்ணன்தான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வந்தார். உள்ளே அம்மா கிடக்கிறார்கள், வெளியே மகன் வாசலைப் பெயர்க்கிறார். டங் டங்கென்று அந்தச் சத்தம் மட்டும். ஒப்பாரி வைத்தவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். பில்லை பில்லையாகப் பெயர்ந்து வந்தது. நீ நிலைப்படியில் தலைவிரி கோலமாக நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாய். மாமியாருக்காக அழுகிறாய் என்று எல்லாரும் நினைத்தார்கள். நான் பக்கத்தில் வந்து நின்றபோது என் கையைப் பிடித்தாய். பிடி இறுகியது. "வாசல்ல இப்படி ஆவுது. நெஞ்சுக்குள்ள என்னடி ஆயிருக்கும்?" என்றாய். வாயாடி வாயாடி என்று பெயரெடுத்தவள் நான், உன் கையைப் பிடித்து உள்ளே அழைத்துக்கொண்டு போனேன்.

எடுப்பு முடிந்து எல்லாரும் குளித்துவிட்டு வந்த பிறகு, தெருவோரம் குவிந்து கிடந்த பில்லைகளிலிருந்து ஒன்றை நீ எடுத்து வைத்துக்கொண்டாய். தாமரையின் ஓர் இதழ், உள்ளங்கை அகலம் இருக்கும். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றாய்.

மாமியார் போன அடுத்த வருஷம், கம்பெனி இரண்டாவது யூனிட் போடப் போகிறது, அதற்குப் பெரம்பலூரில் மக்கள் கருத்துக் கேட்கிறார்கள் என்று தண்டோரா போட்டார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாமாம். கருத்துச் சொல்ல வருகிறவர்களுக்குக் கம்பெனியே பஸ் விட்டது. அந்த பஸ்ஸில் போனவர்கள் என்ன கருத்துச் சொல்வார்கள் என்பதைச் சின்னப் பிள்ளைகூட சொல்லும். மூட்டை ஏற்றுகிறவர்கள் எல்லாரையும் மஞ்சள் தொப்பி கொடுத்து அதில் ஏற்றினார்கள். அண்ணனும் தொப்பியோடு ஏறிப் போனார். நீயும் நானும் டவுன் பஸ்ஸில் அரியலூர் வந்து, அங்கிருந்து பெரம்பலூர் பஸ் பிடித்தோம். போகிற வழியெல்லாம் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி உன்னை நச்சரித்தேன். கொல்லை போனதைச் சொல், பர்மனெண்ட் பண்ணாததைச் சொல், கிணறெல்லாம் வற்றிப்போனதைச் சொல், சுவரெல்லாம் விரிசல் விட்டதைச் சொல். நீ ஜன்னலோரம் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "நான் ஒண்ணே ஒண்ணு கேக்கப் போறேன். நீ வாயத் தொறக்காத. நீ பேசுனா சண்டையாயிடும், எல்லாம் கெட்டுடும்" என்றாய். என்னை நன்றாகத் தெரிந்தவள் நீ.

ஒரு கல்யாண மண்டபம். மேடையில் அதிகாரிகள், கீழே பாதி மண்டபம் மஞ்சள் தொப்பி. கம்பெனி வந்ததால் ஊர் எப்படி உருப்பட்டது என்று ஒவ்வொருவராக மைக்கில் பேசினார்கள், தொப்பிகள் கை தட்டின. உன் முறை வந்தது. கொஞ்ச தூரம்தான், மேடைக்கு நடந்து போவதற்குள் உனக்கு மூச்சு வாங்கிவிட்டது. அதிகாரி மேஜை மேல் துணிப்பையிலிருந்து அந்தப் பில்லையை எடுத்து வைத்தாய்.

"என்னம்மா இது?" என்றார் அவர்.

"எங்க வூட்டு வாசக் கோலம் சார்."

மண்டபத்தில் யாரோ சிரித்தார்கள்.

"காலைல சாணி தெளிச்சாக் கோலம் போயிடணும் சார். இது போவல. எங்க மாமியா செத்த அன்னைக்குக் கடப்பாரயால பேத்தோம். கூரையில கூட்டுன தூசி சார் இது. இதத்தான் நாங்க..."

அதற்கு மேல் வரவில்லை. இருமல் பிடித்துக்கொண்டது. மைக்கில் உன் இருமல் மண்டபம் முழுக்கக் கேட்டது. கை தட்டினவர்கள் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள். எழுந்து ஓடி வரப் போனேன். எனக்கு முன்னால் ஒரு மஞ்சள் தொப்பி எழுந்தது. அண்ணன். தொப்பி கீழே விழுந்ததைக்கூட எடுக்காமல் நேரே மேடைக்கு வந்தார், ஒரு கையால் உன் முதுகைத் தடவிக்கொடுத்தார், இன்னொரு கையால் மைக்கைப் பிடித்தார். "அவளால முடியல சார். கொஞ்சம் பொறுங்க சார். சொல்லிடுவா" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. அந்த மனுஷன் வாழ்க்கையில் பேசிய ஒரே மேடைப் பேச்சு அது.

அதிகாரியும் பொறுத்தார், நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். நீ குடித்தாய், மூச்சை இழுத்துப் பார்த்தாய், கையை ஆட்டிவிட்டாய். "அவ்ளோதான் சார்" என்று இறங்கிவிட்டாய். மேஜையில் காகிதங்கள் ஃபேன் காற்றுக்குப் பறந்துகொண்டிருந்தன. அதிகாரி அந்தப் பில்லையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார், பிறகு எங்கே வைப்பதென்று தெரியாமல் அந்தக் காகிதக் கட்டின் மேலேயே வைத்தார். காகிதம் பறப்பது நின்றது.

திரும்பி வருகிற பஸ்ஸில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். "பேப்பர் மேல வச்சுட்டான்டி, பேப்பர் மேல!" என்றேன். நீ களைத்துப்போய்ச் சாய்ந்திருந்தாய். "பறக்காம இருந்துச்சுல்ல, அதுக்காச்சும் ஒதவுச்சு" என்றாய். அப்படி என்னதான் கேட்கப் போனாய் என்று கேட்டேன்.

"ராத்திரியில மட்டும் அந்த மிஷின நிறுத்தாதீங்கன்னு கேக்கலாம்னு இருந்தேன்."

எந்த மிஷின் என்று அப்போதுதான் எனக்கு விளக்கினாய். சிம்னிப் புகையிலிருந்து தூசியைப் பிடித்து வைக்கிற மிஷின் ஒன்று கம்பெனியில் இருக்கிறது. பகலில் அது ஓடுகிறது. ராத்திரியில் யார் பார்க்கப் போகிறார்கள் என்று, கரண்டை மிச்சம் பிடிக்க அதை நிறுத்திவிடுகிறார்கள். அண்ணன் உள்ளே பார்த்துவிட்டு வந்து உன்னிடம் சொல்லியிருக்கிறார். விடிந்ததும் நம் தகரத்தில் அத்தனை படிந்திருந்தது ஏன் என்று உனக்கு அதற்குப் பிறகுதான் விளங்கியிருக்கிறது.

"இதுக்கா? இத மட்டும் கேக்கவா அவ்ளோ தூரம் போன? கம்பெனிய மூடச் சொல்லி இருக்கலாம்லடி!"

"மூடுனா இவரு எங்க போவாரு? தெருவுல எல்லா வூட்டுலயும் ஒரு ஆளு அங்கதான் இருக்கு. ராத்திரி மட்டும் அத ஓட்டுனா நான் தூங்கிடுவேன். அது போதும்டி" என்றாய்.

அது போதும் என்றாயே, அந்த வார்த்தைதான் இன்றைக்கும் என்னைப் படுத்துகிறது. ஒரு மனுஷி தூங்குவதற்கு அனுமதி கேட்டுப் பெரம்பலூர் வரைக்கும் போயிருக்கிறாள். அதையும் கேட்க மூச்சு இல்லாமல் திரும்பி வருகிறாள்.

மறுநாளே காண்ட்ராக்டர் அண்ணனை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டான். நீங்கள் இரண்டு பேரும் கூலிக்குக் கடலை பறிக்கப் போனீர்கள், அதிலும் உன்னால் பாதி நாள் முடியவில்லை. இரண்டாவது யூனிட் வந்தது. என் வீட்டுக்காரருக்குத் திருச்சிக்கு மாற்றல் வந்தது. "போடி, நீயாச்சும் போ" என்று என் சாமான்களை நீயே மூட்டை கட்டினாய். அதற்குப் பிறகு மழை ஏமாற்றிய வருஷங்கள். அந்த மாதிரி வெயிலை நான் பார்த்ததில்லை. ஐப்பசி கார்த்திகையில்கூட வானம் வெளுத்துக் கிடந்தது. மழை பெய்தால் கூரையையும் இலையையும் கழுவிக்கொண்டு போகும், நாலு நாளைக்காவது நீ தேறுவாய். மழையே இல்லையென்றால்? படிந்தது படிந்தபடி, காற்றடிக்கும்போதெல்லாம் எழுந்து எழுந்து உட்கார்ந்தது. ஊருக்கு வந்து பார்க்கும்போதெல்லாம் நீ இன்னும் கொஞ்சம் சின்னதாகியிருந்தாய். உட்கார்ந்தபடியே தூங்கப் பழகியிருந்தாய். ரோசமெல்லாம் போய், கடைசியில் நீயே, "திருமானூருக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று கேட்டாயாம். காரில் ஏற்றியிருக்கிறார்கள். ஊர் எல்லை தாண்டுவதற்குள் போய்விட்டாய்.

நான் வந்தபோது உன் வாசல் வெறும் மண்ணாக இருந்தது. என்னால் அதைப் பார்க்க முடியவில்லை, பின்பக்கமாகச் சுற்றி வந்தேன்.

கருமாதி முடிந்து சில மாதத்தில் புதுக் காண்ட்ராக்டர் வந்தான், அண்ணன் மறுபடி அதே கம்பெனிக்கு மூட்டை ஏற்றப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உன்னைத் தின்ற இடத்துக்கே சோற்றுக்குப் போவாரா ஒரு மனுஷன்? உன் மகள் கல்யாணத்துக்கு வந்தேன், அவளுக்கு வைக்க வேண்டியதை வைத்தேன், அவரிடம் முகம் கொடுத்துப் பேசாமல் வந்தேன். "வாம்மா" என்றார். காதில் விழாதவள் மாதிரி பந்திக்குப் போனேன். அதற்காக இப்போதும் நான் வருத்தப்படவில்லை. அப்போது எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

போன வாரம் ஒரு காதுகுத்துக்கு வந்துவிட்டு, சாயங்காலம் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் திருச்சி பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகப் போகிறது என்று டீக்கடையில் ஒரே பேச்சு. அங்கே பெஞ்சில் சாப்பாட்டுத் தூக்கோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தூசியா, நரையா என்று முதலில் எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துவிட்டார். ஓட முடியாது. "டீ சாப்பிடுறியாம்மா?" என்றார்.

எனக்கு அடக்க முடியவில்லை. "டீ கெடக்கட்டும். எப்படிண்ணே மனசு வருது ஒங்களுக்கு? அந்த எடத்துல போயி எப்படிண்ணே நிக்கிறீங்க?" என்று கேட்டேவிட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அவர் கிளாஸைக் கீழே வைத்தார். "நைட் ஷிப்ட் கேட்டு வாங்கியிருக்கேம்மா" என்றார்.

"அது ஒண்ணுதான் கொறைச்சல்."

"அந்த மிஷின் ஓடுதான்னு பாக்கத்தாம்மா."

நான் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தேன்.

"மூட்ட ஏத்துற எடத்துலேருந்து சிம்னி தெரியும். பொகை கனமா வந்துச்சுன்னா நிறுத்திட்டானுங்கன்னு அர்த்தம். போயி அத ஓட்டுற ரூம் வாசல்ல நிப்பேன்."

"நின்னு?"

"ஒண்ணும் சொல்ல மாட்டேன். நிப்பேன். அந்தப் பசங்களுக்குத் தெரியும், பெரம்பலூர்ல மைக்கப் பிடிச்ச ஆளுன்னு. செல நாளு போட்டு விட்டுடுவானுங்க. செல நாளு, போய்யா பெருசு, வேலையப் பாருன்னு வெரட்டுவானுங்க. வெரட்டுனாலும் திரும்பப் போயி நிப்பேன். அவ கேக்கணும்னு இருந்தது அது ஒண்ணுதானேம்மா."

ஊர் பஸ் வந்துவிட்டது. தூக்கை எடுத்துக்கொண்டு, "போயிட்டு வரேம்மா" என்று ஏறினார். "போயிட்டு வாங்கண்ணே" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவரிடம் நான் சொன்ன நல்ல வார்த்தை அது. பஸ் போன பிறகும் அங்கேயே நின்றேன், என் திருச்சி பஸ் வந்து போனதுகூடத் தெரியவில்லை.

அண்ணன் மேல் இருந்த கோபம் அந்த பெஞ்சிலேயே போய்விட்டதடி. மிச்சக் கோபம் போகவில்லை. அது கூடியிருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் சம்பளம் வாங்கிக்கொண்டு எங்கெங்கோ நிம்மதியாகத் தூங்க, மூட்டை தூக்குகிற ஒரு மனுஷன் செத்துப்போன பெண்டாட்டியின் தூக்கத்துக்காக ஏதோ ஒரு ரூம் வாசலில் போய் நிற்க வேண்டியிருக்கிறதே! ராத்திரியில் விழிப்பு வந்தால், இந்நேரம் அவர் நின்றுகொண்டிருப்பாரா, விரட்டியிருப்பார்களா என்றுதான் நினைக்கிறேன். எழுந்து உட்கார்ந்துவிடுகிறேன். படுத்துத் தூங்கு என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எல்லாம் ஆறிவிடும் என்கிறார். இது ஆற வேண்டாமடி. இதை நான் ஆறவிடுவதாக இல்லை.